நல்ல டிரைவருக்கு எத்தனை மார்க்?

சில ஆபீஸ் ஜீப்புகள், கம்பெனி வேன்கள், டேங்கர் லாரிகளின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். ‘என் டிரைவிங் எப்படி?’ என்று கேட்டு, கீழே ஒரு போன் நம்பர். யோசித்துப் பார்த்தால் விநோதமான ஏற்பாடு. அந்த நம்பரைப் படிக்கும் தூரத்தில் இருப்பவர் பின்னால் இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் போனை எடுத்து டயல் செய்தால், அவருடைய டிரைவிங்கைப் பற்றி வேறொருவர் போன் செய்யவேண்டி வரும். சிக்னலில் நிற்கும்போது டயல் செய்யலாம். ஆனால், நிற்கிற வண்டி மேல் யாருக்கு என்ன புகார்?

ஏற்பாடு அசடாக இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கில் வண்டிகளை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் டிரைவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஓர் அரசாங்கம், அவர்களில் யார் பத்திரமாக ஓட்டுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது?

தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். சுமார் இருபதாயிரம் பஸ்கள். இதைத் தவிர குப்பை லாரி, தண்ணீர் லாரி, போலீஸ் வேன், ஆபீஸர்களின் ஜீப். 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105 என்கிறது மத்திய அரசின் கணக்கு. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். இதில் அரசு வண்டிகளின் பங்கு சிறியதுதான். டூவீலர்களும் கார்களும்தான் பெரும்பகுதி. ஆனால் தெருவில் போகிற ஒவ்வொரு டூவீலர்காரரின் காதையும் அரசாங்கத்தால் திருக முடியாது. தன் சம்பளப் பட்டியலில் இருக்கும் டிரைவரின் பழக்கத்தை அளக்க முடியும், மாற்ற முடியும். அளக்கிறதா, எப்படி அளக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பதக்கம். விபத்தே இல்லாமல் பத்து வருஷம், இருபது வருஷம் ஓட்டிய டிரைவர்களை மேடையேற்றி, சால்வை போர்த்தி, சான்றிதழும் பதக்கமும் கொடுப்பது நம் ஊரில் பழைய வழக்கம். அந்தப் போட்டோக்களில் டிரைவர்களின் முகத்தைப் பாருங்கள். சந்தோஷத்தைவிட ‘தப்பிச்சோம்டா சாமி’ என்கிற நிம்மதிதான் அதிகம் தெரியும். பதக்கத்துக்குத் தகுதியானவர்கள்தான். அவர்களுடைய பெருமையில் கை வைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், அந்தப் பதக்கம் எதை அளக்கிறது என்று கேட்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் டிரைவர்கள். அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே திறமை, ஒரே நிதானம், ஒரே மாதிரி ரூட். ஒவ்வொருவருக்கும் பத்து வருஷத்தில் சராசரியாக ஒரு விபத்து நேரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், ஆளுக்கொன்று என்று பந்தியில் வடை போட்ட மாதிரி இருக்காது. பாய்ஸான் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் சூத்திரப்படி, சுமார் 368 பேருக்கு விபத்தே இருக்காது. 368 பேருக்கு ஒன்று. 184 பேருக்கு இரண்டு. 61 பேருக்கு மூன்று. மீதி 19 பேருக்கு நாலோ அதற்கு மேலோ. 368 பேருக்கு மேடையில் பதக்கம், 19 பேருக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி ஆர்டர். ஆயிரம் பேரும் ஒன்றே என்று ஆரம்பித்தோம், ஞாபகமிருக்கட்டும்.

நிஜத்தில் எல்லாரும் ஒன்றில்லை. கிரீன்வுட், வுட்ஸ் என்ற இருவர் 1919-ல் இங்கிலாந்தில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் விபத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு, ‘இது வெறும் அதிர்ஷ்டமா, ஆளைப் பொறுத்ததா?’ என்று பார்த்தார்கள். வெறும் அதிர்ஷ்டத்தால் விளக்க முடியாத அளவுக்குச் சிலருக்கு விபத்து அதிகம் என்று கண்டார்கள். ஆள் வித்தியாசம் உண்டு. ஆனால், அதிர்ஷ்டமும் அதோடு பின்னிக் கிடக்கிறது. அந்த அறிக்கையை வெளியிட்ட அமைப்பின் பெயர், தொழிற்சாலைக் களைப்பு ஆராய்ச்சி வாரியம். நூறு வருஷத்துக்கு முன்பே விபத்தையும் களைப்பையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, விபத்து நடக்காததை எண்ணுவது ஓர் அளவுதான். மிகவும் தாமதமான அளவு. காய்ச்சல் வந்த பிறகு தெர்மாமீட்டர் வைப்பதுகூட இல்லை, ஆள் போன பிறகு வைப்பது. அதற்கு முன்னால் நடந்த நூறு ‘மயிரிழைத் தப்பு’கள் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. ஸ்டாப்பில் நிற்பதற்கு முன்பே ஆளை இறக்கியது, படிக்கட்டில் ஒருவர் தொங்கும்போதே நகர்த்தியது, தூக்கத்தில் கண் ஒரு விநாடி சொருகியது... டிரைவருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், முன் சீட்டில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்ட அம்மாவுக்குத் தெரியும். டிப்போவுக்குத் தெரியாது.

டிப்போவுக்குத் தெரிவது டீசல். பஸ் டிரைவர்களோடு பேசினால் ஐந்தாவது நிமிஷம் ‘கே.எம்.பி.எல்.’ என்ற வார்த்தை வந்துவிடும். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். அதுவும் தசம சுத்தமாக. ‘‘என்னப்பா, போன மாசம் அஞ்சு புள்ளி நாலு வந்துச்சு, இப்ப ஏன் அஞ்சு புள்ளி ஒண்ணு?’’ என்று கேட்பார் மேனேஜர். ‘‘ரோடு நோண்டிப் போட்டிருக்கான் சார்’’ என்று தலையைச் சொறிவார் டிரைவர். அடுத்த அளவு கலெக்‌ஷன். அதில் ஒரு பங்குதான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டா. மூன்றாவது அளவு டைம். குறித்த நேரத்தில் நடை முடிந்ததா இல்லையா.

டீசல் மிச்சம் பிடிப்பது கெட்ட காரியமில்லை. ஓரளவு வரைக்கும் மைலேஜும் பத்திரமும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே போகும். முன்னால் இருக்கும் டிராஃபிக்கைத் தூரத்திலேயே பார்த்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, அடித்துப் பிடித்து பிரேக் போடாமல் ஓட்டுகிறவருக்கு டீசலும் மிச்சம், பயணிகளின் முழங்காலும் மிச்சம். அதற்கு மேல்தான் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிப்பார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் கியரின் பிடி போய், பாரம் முழுக்க பிரேக் மேல் விழுகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பஸ்ஸின் பிரேக் காற்றால் வேலை செய்வது. அந்தக் காற்றை அடைத்துக் கொடுக்கும் கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்து ஓடுவது. இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக்கை மிதிக்க மிதிக்கக் காற்று குறையும், மறுபடி நிரம்பாது. பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு பஸ் இப்படி இறங்கினால் அன்றைக்குக் கே.எம்.பி.எல். பிரமாதமாகத்தான் இருக்கும்.

எல்லா டிரைவர்களும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. செய்யாதவருக்கு மார்க் குறைகிறது, செய்தவருக்குப் பாராட்டு கிடைக்கலாம் என்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன். பத்திரமாக ஓட்டுகிறவர், தன் நேர்மைக்குத் தினமும் தசமக் கணக்கில் அபராதம் கட்டுகிறார்.

இதைக் கழகங்கள் ஏன் கவனிப்பதில்லை? அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்பதால் இல்லை. இரண்டு கணக்கும் இரண்டு பேரேட்டில் இருப்பதால். டீசல் கணக்கு டிப்போவில், நாளைக்கே தெரிந்துவிடும். விபத்துக் கணக்கு வருஷக்கணக்கில் கோர்ட்டில் கிடந்துவிட்டுத் தலைமையகத்துக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகம் இழப்பீட்டுக்கென்று சொந்தமாக ஒரு நிதியை வைத்துக்கொண்டால், மற்றவர்களைப் போல மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுக்கவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறலாம். அப்படி இருக்கும்போது செத்தவரின் குடும்பத்துக்குப் பணம் தரவேண்டியது கழகமேதான். இழுத்தடித்தால் கோர்ட் அமீனா வந்து பஸ் ஸ்டாண்டிலேயே பஸ்ஸை ஜப்தி செய்வார். பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கோர்ட்டுக்கு ஓட்டிப்போகும் செய்தியைப் பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். அதற்குள் அந்த டிப்போவின் மேனேஜர் இரண்டு டிரான்ஸ்ஃபர் வாங்கியிருப்பார். அவர் மிச்சம் பிடித்த டீசல் அவர் பெயரில். இழப்பீடு யார் பெயரிலும் இல்லை. ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடுவில் இருந்திருந்தால், விபத்து கூடக் கூட பிரீமியத்தை ஏற்றி யாரையாவது தூங்கவிடாமல் செய்திருக்கும்.

‘இதெல்லாம் பழங்கதை சார், இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டதே’ என்பீர்கள். வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் புதிய பயணிகள் வாகனங்களில், இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். இதோடு அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லைச் சேர்த்துவிட்டால் திடீர் பிரேக், திடீர் வேகம், சடார்த் திருப்பம் எல்லாவற்றையும் எண்ணி, மாசக் கடைசியில் டிரைவருக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடலாம். வெளிநாடுகளில் பல நகராட்சிகள் தங்கள் வண்டிகளில் இதைச் செய்கின்றன.

இங்கேதான் நிதானம் தேவை. அண்ணா சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ சைகை காட்டாமல் குறுக்கே புகுகிறது. டிரைவர் பிரேக்கில் ஏறி நிற்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கருவியின் நோட்டில் அது ‘கடும் பிரேக் ஒன்று, மைனஸ்’. ஓர் உயிரைக் காப்பாற்றியதற்குக் குறைந்த மார்க். இரண்டு மாசம் மெமோ வாங்கிய டிரைவர் மூன்றாவது மாசம் என்ன கற்றுக்கொள்வார்? பிரேக்கை யோசித்து மிதிக்க. பிரேக்கை யோசித்து மிதிப்பவர் ஓட்டும் பஸ்ஸில் நீங்கள் ஏறுவீர்களா?

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சில யூனியன்காரர்கள் சொல்வதையும் ஏற்பதற்கில்லை. செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓட்டுகிற டிரைவரைக் கேமரா பிடிக்கட்டும். ஐம்பது பேர் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. என் கேள்வி, கேமரா ஏன் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறது என்பதுதான்.

நியூயார்க் நகராட்சி செய்ததைப் பாருங்கள். அவர்களிடம் பூங்காத் துறை கார், குப்பை லாரி என்று சுமார் முப்பதாயிரம் வண்டிகள். வேகமாகப் போகிறவருக்கு மெமோ அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், 2022 ஆகஸ்டில் ஐம்பது வண்டிகளில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவின் வேக வரம்பு என்னவோ அதற்கு மேல் வண்டியே போகாது. அவசரம் என்றால் ஒரு பட்டன், அழுத்தினால் பதினைந்து விநாடிக்கு விடுதலை. சில மாசங்களில், ஓடிய நேரத்தில் 99 சதவிகிதம் வேகம் வரம்புக்குள் இருந்தது என்று அறிவித்தார்கள். டிரைவர்கள் திடீரென்று புத்தர் ஆகிவிடவில்லை. தப்பு செய்வதை வண்டி கஷ்டமாக்கியது, அவ்வளவுதான். நம் ஊரிலும் 2015-ல் லாரி, பஸ்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு விதி போட்டார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர். நாற்கரச் சாலைக்கு அது சரி. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்திலும் அதே 80 என்றால் அதற்குப் பெயர் கட்டுப்பாடா?

லண்டனில் இன்னொரு வழி. அங்கே பஸ் ஓட்டுவது தனியார் கம்பெனிகள், மேய்ப்பது நகரப் போக்குவரத்து நிர்வாகம். எந்தக் கம்பெனியின் பஸ், எந்த ரூட்டில், எப்படி விபத்துக்குள்ளானது என்ற பட்டியலை மூன்று மாசத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறார்கள். மார்க் டிரைவருக்கு மட்டும் இல்லை, முதலாளிக்கும் உண்டு. அதோடு டிரைவர்களின் களைப்பைப் பற்றி லஃப்பரோ பல்கலைக்கழகத்தை ஆராயச் சொன்னார்கள். 2019-ல் வந்த அந்த ஆய்வில், ஐந்தில் ஒரு டிரைவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது ஸ்டீயரிங்கில் தூக்கத்தோடு போராடுவதாகச் சொல்லியிருந்தார். இதை எந்தக் கருவியும் கண்டுபிடித்துத் தரவில்லை. தண்டனை பயமில்லாமல் கேட்டார்கள், சொன்னார்கள். விமானிகள் விஷயத்தில் அமெரிக்காவில் இதை 1976-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு நடக்க இருந்தது, தப்பித்தோம் என்று பைலட் எழுதிப் போட்டால், பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்வார்கள். அதைப் பெற்றுக்கொள்வது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் துறை இல்லை. விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாஸா. தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே உடம்பில் இருந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்ற மனித சுபாவம் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நம் டிப்போவில் ஒரு டிரைவர் போய், ‘‘சார், நேத்து விக்கிரவாண்டி தாண்டி ரெண்டு செகண்ட் தூங்கிட்டேன்’’ என்று சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். என்ன நடக்கும்? அதனால்தான் அவர் சொல்வதில்லை. முதல் நாள் ஆள் இல்லை என்று டபுள் டியூட்டி போட்டதும் அதே ஆபீஸ்தான். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவே அரை மணியாவது ஓய்வு என்று எழுதிவைத்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அதையும் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தின் பெயரும் நம்பரும் மாறலாம். பக்கத்தில் இன்ஜின் பானட் கொதிக்க, இடது கால் கிளட்ச்சில் கிடக்க, எட்டு மணி நேரம் உட்கார்ந்த முதுகு மாறுவதில்லை.

தண்டனை மட்டும் தாராளமாக ஏறியிருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு வருஷம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருஷம். குற்றவாளிக்கு தண்டனை வேண்டும்தான். ஆனால் தண்டனை பயத்தால் தூக்கம் கலையும் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

ஆபீஸ் ஜீப் கதை தனி. அங்கே டிரைவரின் கால் முன் சீட்டில் இருந்தாலும் ஆக்ஸிலேட்டர் பின் சீட்டில் இருக்கிறது. ‘‘மீட்டிங்குக்கு லேட்டாச்சு, கொஞ்சம் சீக்கிரம் போப்பா’’ என்ற ஒரு வார்த்தை போதும். 2017 மே மாசம் சிவப்புச் சுழல் விளக்கைக் கழற்றினார்கள். அவசரத்தைக் கழற்றவில்லை. ஜி.பி.எஸ். கருவி வேகத்தை டிரைவர் பெயரில் எழுதுகிறது. ‘சீக்கிரம்’ என்று சொன்னவர் பெயரை எழுத அதில் இடமில்லை.

என்னைக் கேட்டால் மூன்றே மாற்றம். ஒன்று, டிரைவரின் மார்க் ஷீட்டில் இருக்கும் அதே பக்கத்தில் டிப்போவின் மார்க்கும் இருக்கவேண்டும்: எத்தனை டபுள் டியூட்டி, எத்தனை வழுக்கை டயர், டிரைவர் எழுதிக்கொடுத்த பிரேக் கோளாறு எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது, டிராஃபிக் கூடிய பிறகு நடைக்கான நேரத்தைக் கூட்டினார்களா. இரண்டு, கடும் பிரேக்குகளை ஆள்வாரியாக எண்ணுவதோடு, இடம்வாரியாகவும் எண்ணவேண்டும். நாற்பது டிரைவர்கள் ஒரே ஸ்டாப்பிங்கில் அடித்து பிரேக் போட்டால், தப்பு நாற்பது பேரிடமா, அந்த ஸ்டாப்பிங்கிலா? மூன்று, இழப்பீட்டுச் செலவை, வருஷங்கள் கழித்து வந்தாலும், அந்தந்த டிப்போ கணக்கில் டீசலுக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டும். இதற்கெல்லாம் புது சாட்டிலைட் தேவையில்லை. இருக்கிற நோட்டில் நாலு கோடு கூடப் போட்டால் போதும்.

நான்காவதாக ஒரு விருதும் சிபாரிசு செய்வேன். மழையில் மெதுவாக ஓட்டி, இருபது நிமிஷம் லேட்டாக வந்து சேர்ந்த டிரைவரிடம், ‘‘பரவால்ல, பத்திரமா வந்தீங்கல்ல. டீ சாப்பிட்டுட்டு அடுத்த நடை எடுங்க’’ என்று சொன்ன மேனேஜர் யாராவது இருந்தால், அடுத்த சாலைப் பாதுகாப்பு விழாவில் அவரையும் மேடையில் ஏற்றி ஒரு சால்வை போர்த்துங்கள்.